கறுப்பு நாயைக் கீறப் போற தங்கச்சிக்கு: பாஸ்டலா, கலர் பென்சிலா?

தங்கச்சி, நீங்க கேட்டது இதுதானே. 11 வருஷம் வீட்டில வளர்ந்த கறுப்பு நாய் போன மாசம் செத்துப்போச்சு, கையில மிச்சம் ஃபோன்ல எடுத்த நாலைஞ்சு படம், இன்னும் ரெண்டு மாசத்தில அப்பாவுக்கு 60 முடியுது, அதுக்குள்ள அந்த நாயின்ர முகத்தை உங்கட கையாலயே கீறிக் குடுக்க வேணும், பாஸ்டலா கலர் பென்சிலா, என்ன சாமான் வாங்குறது, கை பழகினாப் பிறகு யால காட்டுச் சிறுத்தையும் கீற ஏலுமா எண்டு. நான் கொழும்பு வெள்ளவத்தையில இருந்து 14 வருஷமா ஆக்களின்ர நாய் பூனையளைக் கீறிக் குடுத்துக்கொண்டிருக்கிறன், வேலை ஒண்டு வேற இருக்கு, இது பின்னேரங்களிலயும் ஞாயிற்றுக்கிழமையளிலயும் செய்யிறது, அதால எனக்குப் பிழைச்ச இடங்களையும் சேர்த்துத்தான் சொல்லுவன், கொஞ்சம் நீளும்.

பதிலை முதல்ல சொல்லிப்போடுறன். பாஸ்டல் பென்சில், சாம்பல் நிறப் பேப்பர், ஏ4 அளவு, முகமும் கழுத்தும் மட்டும். உங்கட நாய் கறுப்பு, உங்களிட்ட இருக்கிறது ரெண்டு மாசம், இந்த ரெண்டுக்காகத்தான் இதைச் சொல்லுறன், ஒரு கோல்டன் ரிட்றீவரும் ஆறு மாசமும் எண்டா வேற பதில் சொல்லியிருப்பன்.

ஏன் எண்டு கேட்டா, பாஸ்டல் எண்டுறது கிட்டத்தட்ட வெறும் நிறப்பொடிதான், குச்சியா நிக்கிறதுக்கு மட்டும் கொஞ்சமாப் பிசின் சேர்த்திருப்பாங்கள். அதால அது பேப்பருக்கு மேல மாப்பூசின மாதிரி இருக்கும், கீழ என்ன நிறம் கிடந்தாலும் மறைக்கும். கலர் பென்சிலில அதே பொடியை மெழுகிலயோ எண்ணெயிலயோ குழைச்சிருக்கு, அது கண்ணாடித்தாள் மாதிரி, கீழ இருக்கிறது மேல தெரிஞ்சுகொண்டே இருக்கும். அப்ப கலர் பென்சிலில கறுப்புக்கு மேல ஒரு வெள்ளை முடியைப் போட நினைச்சா அது அழுக்குச் சாம்பலாத்தான் வரும், வெளிச்சமான ஒவ்வொரு முடியையும் முதல் நாளில இருந்தே வெறும் பேப்பரா விட்டு விட்டு, அதைச் சுத்தி இருட்டைக் கட்டிக்கொண்டு வர வேணும். பாஸ்டலில தலைகீழ், முழுக்க இருட்டாப் போட்டிட்டு மேல வெளிச்சத்தை ஏத்தலாம். கறுப்பு நாய்க்கு எது சுகம் எண்டு இப்ப உங்களுக்கே விளங்கும். நேரமும் அப்பிடித்தான், ஏ4ல ஒரு நாய் முகம் எனக்குப் பாஸ்டலில 12, 15 மணித்தியாலத்தில முடியும், கலர் பென்சிலில 35 மணித்தியாலத்துக்குக் கீழ நான் ஒருநாளும் முடிச்சதில்ல.

இனி படம். கீறுற படத்தில பாதி வேலை நீங்க பென்சில் தொட முந்தியே முடிஞ்சிடும், எந்த ஃபோட்டோவைத் தெரிவு செய்யிறீங்க எண்டதிலயே. கன பேர் நாயின்ர மூக்குக்குக் கிட்ட ஃபோனைக் கொண்டுபோய் எடுத்த படத்தைத்தான் அனுப்புவினம், ஃபோன் கமரா அகலமாப் பாக்கிற லென்ஸ், கிட்டப் போனா மூக்கு பனங்கொட்டை மாதிரி வீங்கி, காது ரெண்டும் பின்னுக்கு ஓடி, கண் சின்னனாகிடும். அதை அப்பிடியே கீறினா கேலிப்படம்தான் வரும். நாலைஞ்சு படத்தில தூரத்தில இருந்து எடுத்தது, நாயின்ர கண்மட்டத்துக்குக் குனிஞ்சு எடுத்தது, யன்னல் வெளிச்சமோ முத்தத்து வெளிச்சமோ ஒரு பக்கத்தால விழுறது, இப்பிடி ஒண்டு இருந்தா அதுதான் உங்கட படம். ஃபிளாஷ் போட்டதை ஒதுக்குங்கோ, நாயின்ர கண்ணுக்குப் பின்னால வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கு, ஃபிளாஷ்ல கண் பச்சையா எரியும், முகமும் தட்டையாகிடும். வாட்ஸப்பில வந்த படம் எண்டா எடுத்த ஆளிட்டக் கேட்டு ஒரிஜினலை டொக்யூமெண்டா அனுப்பச் சொல்லுங்கோ, சும்மா அனுப்பினா அது நசுக்கித்தான் அனுப்பும். கறுப்பு நாய் எண்டபடியா இன்னொண்டு, ஃபோன்லயே எடிட் பண்ணுற இடத்தில ஷேடோவைக் கூட்டிப் பாருங்கோ, ஒரே கறுப்புப் பொட்டலமாத் தெரிஞ்ச இடத்தில கன்ன எலும்பும் காது மடிப்பும் எழும்பி வரும். அந்தப் பிரகாசமாக்கின படத்தைப் பக்கத்தில வைச்சிருங்கோ, கீறுறது பழைய படத்தைப் பாத்து.

நல்ல படம் ஒண்டில முகம், காது மடிப்பு வடிவாத் தெரியிற இன்னொண்டு, கழுத்துப்பட்டி தெரியிற இன்னொண்டு எண்டு எடுத்துக்கொள்ளலாம், ஆனா வெளிச்சம் மட்டும் ஒரே படத்தில இருந்துதான் வர வேணும். இடப்பக்க வெளிச்சக் கண்ணையும் வலப்பக்க வெளிச்ச மூக்கையும் ஒண்டாப் பொருத்தினா பாக்கிற ஆளுக்கு என்ன பிழை எண்டு சொல்லத் தெரியாது, ஏதோ பிழை எண்டு மட்டும் தெரியும்.

இதில நான் வாங்கிக் கட்டின கதை ஒண்டு. கொட்டாஞ்சேனையில ஒரு அன்ரி, அவவின்ர லப்ரடோர் மாதிரி ஒரு நாய், நான் அப்ப தொடங்கின புதுசு, சடை ஒவ்வொண்டா மூண்டு கிழமை கீறினன், நானே பாத்துப் பாத்துச் சந்தோஷப்பட்டன். கொண்டுபோய்க் குடுக்க அவ கனநேரம் பாத்திட்டு, "சரியான வடிவா இருக்கு தம்பி, ஆனா இது எங்கட ஆள் இல்ல" எண்டா. என்னெண்டு பாத்தா அந்த நாய்க்கு இடது காது நுனியில சின்னக் கிழிசல், நான் அதை ஏதோ நிழல் எண்டு நினைச்சு ஒழுங்காக்கிப்போட்டன், ரெண்டு காதையும் ஒரே உயரத்தில வைச்சுப்போட்டன். நான் கீறினது ஒரு லப்ரடோர், அவ கேட்டது அவவின்ர நாய். அதுக்குப் பிறகு ஆரும் கேட்டு வந்தா முதல்ல இதைத்தான் விசாரிக்கிறது: எந்தக் காது மடியும், எந்தப் பக்கம் தழும்பு, மூஞ்சி எந்த இடத்தில இருந்து நரைச்சது, வாய் மூடினாலும் ஒரு பல்லு வெளிய தெரியுமா. உங்கட நாய்க்கு 11 வயசு, கட்டாயம் நாடியிலயும் கண்ணைச் சுத்தியும் நரை இருந்திருக்கும், அதை விட்டுப்போட்டு இளமையாக் கீறிடாதீங்கோ, அப்பாவுக்கு ஞாபகத்தில இருக்கிறது அந்த நரைச்ச மூஞ்சிதான்.

சாமான் விஷயம். 2022ல டொலர் 200ல இருந்து 360க்கு ஏறின நேரம் இந்த வெளிநாட்டுப் பென்சிலுகளின்ர விலையைக் கேட்டே கன பேர் விட்டிட்டினம், இப்பவும் மலிவில்ல, அதால பெரிய டின் பெட்டி வாங்காதீங்கோ. ஃபேபர் காஸ்டல் பிற் பாஸ்டல், ஸ்டபிலோ கார்ப்ஒதெல்லோ எண்டு ரெண்டு பாஸ்டல் பென்சில் வகை, ரெண்டிலயும் 60 நிறம் இருக்கு, உங்களுக்கு வேண்டியது ஒரு டசினும் இல்ல. வெள்ளை, ஐவரி, கறுப்பு, டார்க் இண்டிகோ (கடும் நீலம்), டார்க் செப்பியா (கடும் பிறவுண்), வோல்நட் பிறவுண், பேய்ன்ஸ் கிறே, குளிர்ச்சியான சாம்பல் ரெண்டு, வெளிர் நீலம் ஒண்டு, நாக்கு தெரிஞ்சா ஒரு மங்கின றோஸ். தனித்தனியா விக்கிற கடை பாத்துப் போங்கோ, போகேக்க ஃபோட்டோவையும் கொண்டுபோங்கோ. இதோட இண்டிகோ, கடும் பிறவுண் நிறத்தில ரெண்டு மெல்லிசான பாஸ்டல் குச்சி வாங்கினா பெரிய இடங்களைப் பத்து நிமிஷத்தில மூடலாம்.

பென்சிலில மிச்சம் பிடிச்சுப் பேப்பரில போடுங்கோ. இது நான் ஆருக்கும் சொல்லுறது, அரைவாசிப் பேர் கேக்கிறதில்ல. பாஸ்டல் ஒட்டுறதுக்கு ஒரு சொரசொரப்பு வேணும், கார்ட்ரிஜ் பேப்பர் எண்டுற சும்மா கீறுற தாளில ரெண்டாவது தட்டுப் போடேக்கயே வழுக்கி உதிரும். கிளேர்ஃபொன்டேன் பாஸ்டல்மட் எண்டு ஒண்டு இருக்கு, சதுர மீட்டருக்கு 360 கிராம், தொட்டுப் பாத்தா வெல்வெட் மாதிரி, ஆறேழு தட்டுப் பிடிக்கும், பொடியும் அவ்வளவா உதிராது. அது கிடைக்காட்டி கன்சொன் மி டான்ட், 160 கிராம், அதில ஒரு பக்கம் தேன்கூடு மாதிரிக் குழி குழியா இருக்கும், மற்றப் பக்கம் கொஞ்சம் வழுவழுப்பு, நீங்க கீற வேண்டியது மற்றப் பக்கத்தில. குழிப் பக்கத்தில கீறினா நாய்க்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். நிறம் இடைத்தரச் சாம்பல். வெள்ளைப் பேப்பரில கறுப்பு நாயைத் தொடங்கினா எந்த நிறம் போட்டாலும் இருட்டாத் தெரியும், பயத்தில நீங்க வெளிறலாவே நிப்பாட்டிடுவீங்க.

இந்தப் பென்சிலுகளைக் கட்டருக்குள்ள விட்டுத் திருப்பாதீங்கோ, உள்ள இருக்கிறது சோக்கு மாதிரி, உடைஞ்சு உடைஞ்சு பென்சிலே முடிஞ்சிடும். பிளேட்டால மரத்தைச் சீவி, முனையை மண்தாளில உரசி எடுங்கோ. கீழ விழுத்தாதீங்கோ, ஒருக்கா டைல்ஸ் தரையில விழுந்தா வெளிய ஒண்டும் தெரியாது, உள்ளுக்க நாலு துண்டாகியிருக்கும்.

வெளிக்கோட்டுக்குக் கட்டம் போட்டுக் கீறலாம், ட்றேஸ் பண்ணலாம், அதில ஒரு வெக்கமும் இல்ல, நேரம் குறைவு. ஆனா கண்ணுக்கும் மூக்குக்கும் இடையில உள்ள தூரம், ரெண்டு கண்ணின்ர சரிவு, இதை ஸ்கேல் வைச்சு ரெண்டு தரம் பாருங்கோ, ரெண்டு மில்லிமீட்டர் விலகினாலே வேற நாய்.

இப்ப கறுப்பு. கறுப்பு நாயை வெயிலில நிப்பாட்டிப் பாத்தீங்க எண்டா தலைக்கு மேல வானத்தின்ர நீலம் கிடக்கும், காதோரத்தில வெயில் ஊடுருவிற இடம் செம்பிறவுணா எரியும், நெஞ்சுப் பக்கம் நிலத்தின்ர நிறம் மேல அடிச்சிருக்கும், சுத்தக் கறுப்பு எண்டு பாத்தா மூக்குத் துவாரம், கண்மணி, வாய்க்கோடு, காதுக்குக் கீழ் மடிப்பு, அவ்வளவுதான். அதால கறுப்புப் பென்சிலை முதல் நாள் தொடவே வேண்டாம். இண்டிகோவையும் செப்பியாவையும் ஒண்டுக்கு மேல ஒண்டாப் போட்டுத் தேயுங்கோ, வெளிச்சம் குளிர்ச்சியா விழுற பக்கம் இண்டிகோ கூட, சூடான பக்கம் செப்பியா கூட, அதில வாற இருட்டுக்கு உயிர் இருக்கும். கறுப்பை மட்டும் அப்பினா அடுப்புக்கரி பூசின பொம்மை மாதிரி இருக்கும், பிறகு எதைப் போட்டாலும் எழும்பாது. வெளிச்சத்துக்கும் அப்பிடித்தான், சடையின்ர மினுக்கத்துக்கு வெள்ளை வேண்டாம், குளிர்ச் சாம்பலும் வெளிர் நீலமும் போதும், சுத்த வெள்ளையைக் கண்ணில உள்ள பொட்டுக்கும் ஈர மூக்குக்கும் ஒதுக்கி வையுங்கோ.

எங்க இருட்டு எங்க வெளிச்சம் எண்டு பிடிபடாட்டி ரெண்டு கண்ணையும் பாதி மூடிக்கொண்டு ஃபோட்டோவைப் பாருங்கோ, முடியெல்லாம் மறைஞ்சு நாலைஞ்சு பெரிய திட்டுத்தான் தெரியும். அந்தத் திட்டுக்களை முதல்ல போடுங்கோ, முடி ஒண்டும் இல்லாம. ஆறடி தள்ளி வைச்சுப் பாக்கேக்க அந்த நிலையிலயே அது உங்கட நாய் மாதிரித் தெரிய வேணும், தெரியாட்டி மேல எவ்வளவு சடை கீறினாலும் தெரியப் போறதில்ல. நான் கொட்டாஞ்சேனை அன்ரிக்குச் செய்த பிழையில பாதி இதுதான், திட்டைப் பாக்காம நேர முடியில தொடங்கினது.

திட்டு போட்ட கையோட கண். நான் எப்பவும் கண்ணை முதல் ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள முடிப்பன், அது சரிவராட்டி அந்தப் பேப்பரை அங்கயே விட்டிட்டுப் புதுசு எடுப்பன், மிச்சத்துக்கு நேரம் செலவழிக்கிறதில பிரயோசனம் இல்ல. நாயின்ர கண்ணில வெள்ளை விழி பெரும்பாலும் தெரியாது, சுத்திவரக் கறுப்பு ஓரம், உள்ளுக்குப் பிறவுண், நடுவில வட்டமான கண்மணி. கன பேர் விடுற பிழை, பிறவுணை ஒரே சீராப் பூசுறது. மேல் இமை கண்ணுக்கு மேல ஒரு நிழல் விழுத்தும், அதால மேல்பாதி எப்பவும் இருட்டு, வெளிச்சம் உள்ளுக்க போய் எதிர்ப்பக்கம் கீழ்ப்பாதியில தேன் மாதிரி எரியும். அந்த எரியிற பிறைத்துண்டுதான் கண்ணை உருண்டையாக்கும். பிறகு வெள்ளைப் பொட்டு. அது சும்மா ஒரு புள்ளி இல்ல, நாய் எதைப் பாத்துக்கொண்டு நிண்டிச்சோ அது அதில தெரியும். 1502ல அல்பிறெக்ட் டியூரர் எண்ட ஜேர்மன் ஓவியர் கீறின முயல் ஒண்டு வியன்னாவில அல்பெர்டினா மியூசியத்தில இருக்கு, நீர்வர்ணத்தில செய்தது, அதின்ர கண்ணைப் பெருப்பிச்சுப் பாருங்கோ, யன்னல் சட்டம் குறுக்க விழுந்து கிடக்கும், 500 வருஷத்துக்கு முந்தி அந்த அறையில யன்னல் எந்தப் பக்கம் இருந்தது எண்டு முயலே சொல்லும். உங்கட நாய் முத்தத்தில எண்டா அந்த இடத்தில யன்னலுக்குப் பதிலா கொஞ்சம் வானமும், கேற்றின்ர நிழலும் வரும், வானம் எண்டா தூய வெள்ளை இல்ல, லேசா நீலம்.

மூக்கைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்ல. துவாரம் கமா மாதிரி வளையும், மேல்பக்கம் நீலச் சாம்பல் மினுக்கம், தோல் சின்னச் சின்னப் புள்ளியா, கோடு போட்டு வளைக்காதீங்கோ.

சடைக்கு ஒரு வேலை செய்யுங்கோ. ஃபோட்டோவை ஒரு பிரிண்ட் எடுத்து, அதுக்கு மேல பேனையால அம்புக்குறி போடுங்கோ, முடி எந்தப் பக்கம் படுக்குது எண்டு. மூக்குக்கு மேல இருந்து தொடங்கி நெத்திக்கு ஏறும், கண்ணுக்கிடையில பிரிஞ்சு ரெண்டு பக்கம் போகும், கன்னத்தில பின்னுக்கும் கீழயும் திரும்பும், நெஞ்சில சில நாய்க்குச் சுழி இருக்கும். நீளமும் மாறும், மூக்குப் பாலத்தில ஒரு மில்லிமீட்டர், கழுத்தில விரலளவு. இந்த ஒரு தாள் பக்கத்தில இருந்தா ரெண்டு நாள் மிச்சம். கீறேக்க அடியில இருந்து நுனிக்கு இழுத்து, நுனியில கையைத் தூக்கி விடுங்கோ, அப்பத்தான் முடி கூரா முடியும், ரெண்டு பக்கமும் ஒரே தடிப்பா வந்தா அது தும்புத்தடி. ஒவ்வொரு முடியா எண்ணிக் கீற வேண்டியதில்ல, கொத்துக் கொத்தாப் பாருங்கோ, வெளிச்சமும் நிழலும் சந்திக்கிற ஓரத்தில மட்டும் முடியை வடிவாக் காட்டினா மிச்சத்தைப் பாக்கிற ஆளின்ர கண்ணே கீறிக்கொள்ளும். நரைச்ச நாடிக்கு ஐவரியும் சாம்பலும் கலந்து, கீழ இருட்டுத் தெரிய விட்டு விட்டுப் போடுங்கோ.

மீசை கடைசி. வெள்ளைப் பென்சிலை ஊசி மாதிரித் தீட்டி, வேற ஒரு துண்டில நாலு தரம் பழகிப்போட்டு, மூச்சைப் பிடிச்சு ஒரே இழுவை. இதையே கலர் பென்சிலில செய்யிறதெண்டா தொடக்கத்திலயே மை முடிஞ்ச பேனையால பேப்பரை அழுத்திக் கோடு போட்டிட வேணும், பிறகு மேல தேய்க்கேக்க அந்தப் பள்ளத்துக்குள்ள நிறம் போகாது, மீசை வெள்ளையா நிக்கும். பின்னணி கடும் நிறமா வேண்டாம், கறுப்பு நாய் அதுக்குள்ள தாண்டுபோகும், பேப்பரின்ர சாம்பலை விட ஒரு படி வெளிச்சமா, விரலால தேய்ச்சு விட்டாக் காணும்.

கொழும்பில இருந்து பாஸ்டல் செய்யிற ஆக்களுக்கெண்டே சில கரைச்சல் இருக்கு. சீலிங் ஃபேன் முதல் எதிரி. ஃபேனுக்குக் கீழ இருந்து கீறினா பொடி முழுக்கச் சுத்திப் பறந்து மூக்குக்குள்ளயும் போகும், படத்தின்ர வெளிச்சமான இடத்திலயும் குந்தும். ஃபேனை நிப்பாட்டினா வேர்வை. ஏப்ரல் மாசம் ஒருக்கா என்ர நாடியில இருந்து ஒரு துளி நேர பூனையின்ர நெத்தியில விழுந்து வட்டமா ஒரு கறை, பாஸ்டல்மட் எண்டபடியா காய விட்டு மேல மூடி ஒருமாதிரித் தப்பினன். இப்ப காலமை அஞ்சரைக்கு எழும்பி ஏழரை வரைக்கும்தான் கீறுறது, டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் வைச்சிருக்கிறன். கைக்குக் கீழ ஒரு வழுவழுப்பான எண்ணெய்த்தாள் வைச்சுக்கொள்ளுங்கோ. வலக்கையெண்டா இடது மேல்மூலையில இருந்து இறங்குங்கோ. பொடியை வாயால ஊதாதீங்கோ, சில நிறங்களில சுவாசிக்கக் கூடாத சாமான் இருக்கு, பலகையைப் பல்கனிக்குக் கொண்டுபோய்ச் சரிச்சுப் பிடிச்சுப் பின்னால தட்டுங்கோ, முடிஞ்சா மாஸ்க் போடுங்கோ. கலர் பென்சிலுக்கும் வெக்கை பிடிக்காது, ப்றிஸ்மகலர் மாதிரி மெழுகுப் பென்சில் இஞ்சத்தச் சூட்டில இளகி ரெண்டு மூண்டு தட்டிலயே பேப்பரை வழுக்கப் பண்ணிடும், சில கிழமையால மேல வெள்ளைப் புகார் மாதிரி மெழுகு பூக்கும், மெல்லிசான துணியால துடைச்சாப் போகும். அதால கலர் பென்சில் வேலைக்கு நான் எண்ணெய்ப் பக்கம், பொலிக்குறோமோஸ் பாவிக்கிறன், 120 நிறம், 1908ல இருந்து வாற சாமான்.

ஃபிக்ஸட்டிவ், அதாவது பொடி உதிராம ஒட்ட வைக்கிற ஸ்ப்றே, அடிக்கிறதா எண்டா, நான் அடிக்கிறதில்ல. அடிச்ச உடன வெளிச்சமெல்லாம் ஒரு படி இருண்டுபோகும், கஷ்டப்பட்டு ஏத்தின நரை திரும்பக் கறுப்புக்குள்ள போயிடும். அதைவிட, ஹெயார் ஸ்ப்றே அடிக்கச் சொல்லி ஆரும் சொன்னாக் கேக்காதீங்கோ, நான் கேட்டன், ஒரு வருஷத்தில படம் தேத்தண்ணி ஊத்தின நிறம்.

சிறுத்தைக்கு வாறன். ஓம், கீறலாம், ஆனா நாளைக்கே இல்ல. நாய் கீறுற கை சிறுத்தைக்குப் போதும், கண் போதாது, நாயை 11 வருஷம் பாத்திருக்கிறீங்க, சிறுத்தையை எத்தனை நிமிஷம் பாத்திருப்பீங்க? அதால நெட்டில இருக்கிற படத்தைப் பாத்துக் கீறேக்க பூனை வந்து நுழைஞ்சிடும். வீட்டுப் பூனையின்ர கண்மணி வெளிச்சத்தில நெட்டுக்குத்தாக் கீறல் மாதிரிச் சுருங்கும், சிறுத்தையின்ரது சுருங்கினாலும் வட்டமாத்தான் இருக்கும், கீறல் போட்டீங்க எண்டா பெரிய பூனைதான். புள்ளி பூ மாதிரி உடைஞ்ச வளையம், வளையத்துக்குள்ள உள்ள நிறம் வெளியில உள்ளதை விட ஒரு படி கடும், உள்ளுக்குப் புள்ளி வைச்சா அது தென்னமெரிக்க ஜாகுவார். அந்த வளையங்கள் உடம்போட வளைய வேணும், வயித்துப் பக்கம் திரும்பேக்க நசுங்கி ஒடுங்கும், துணியில அச்சடிச்ச மாதிரி எல்லாத்தையும் ஒரே வட்டமாப் போட்டா சிறுத்தை தட்டையாகிடும். எங்கட சிறுத்தைக்குப் பந்தெரா பார்டஸ் கொட்டியா எண்டு பேர், 1956ல கொழும்பு மியூசியத்தில இருந்த தெரணியகல வைச்சது. அதுகளை ஆராயிற ஆக்கள் ஒவ்வொண்டையும் அடையாளம் பிடிக்கிறதே புள்ளியை வைச்சுத்தான், ஒண்டின்ர புள்ளி மற்றதுக்கு வராது. அப்ப நீங்க பத்துப் படத்தைப் பாத்து நடுவாலக் கலந்து கீறினா அப்பிடி ஒரு சிறுத்தை யாலவிலயும் இல்ல வில்பத்துவிலயும் இல்ல, கொட்டாஞ்சேனை அன்ரி சொன்னதைத்தான் யால ட்றக்கரும் சொல்லுவார்.

யானையும் அப்பிடித்தான். எங்கட ஆண் யானையளில கொம்பு உள்ளது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு, படங்களில பாத்தா எல்லாத்துக்கும் கொம்பு முளைச்சிருக்கும். துதிக்கை நுனியில எங்கடதுக்கு ஒரு விரல், ஆபிரிக்க யானைக்கு ரெண்டு. காதோரத்திலயும் துதிக்கையிலயும் நிறம் போய் றோஸ் புள்ளி விழுந்திருக்கும், அது யானைக்கு யானை வேற. சாம்பலைக் கறுப்பும் வெள்ளையும் கலந்து எடுக்காதீங்கோ, குளிச்ச சேறு எந்த நிறமோ யானையும் அந்த நிறம்.

அதுக்கு முந்தி கிட்ட இருக்கிறதுகளோட பழகுங்கோ. வெள்ளவத்தை கனால் கரையில கபரகொய்யா எண்டுற பெரிய நீர் உடும்பு அசையாமக் கிடக்கும், அதைவிடப் பொறுமையான மொடல் கிடையாது, அந்தச் செதிளுக்குத்தான் கலர் பென்சில் எண்டு ஒண்டு கண்டுபிடிச்சது எண்டு நான் நினைக்கிறது. பேர வாவியில கூழைக்கடா. தலவத்துகொட தியசரு பார்க்கில விடிய வெள்ளனப் போனா கொக்கு, மீன்கொத்தி, சிலநேரம் நீர்க்காகம் செட்டை விரிச்சுக் காய வைக்கும், அந்தச் சதுப்புநிலங்களில மீன்பிடிப் பூனையே இருக்கு, ராவில திரியிறது, நானும் கண்டதில்ல. தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்கு ஒரு சின்னக் கொப்பியோட போய் நிண்டு, ஃபோட்டோ எடுக்காம, தோள் எலும்பு நடக்கேக்க எப்பிடி எழும்பி இறங்குது எண்டு மட்டும் கீறிப் பாருங்கோ. மற்ற ஆள் எடுத்த காட்டுப் படத்தைப் பாத்துக் கீறி விக்கிறதெண்டா எடுத்தவரிட்டக் கேளுங்கோ, 2003ம் ஆண்டு 36ம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தில ஃபோட்டோவும் அடக்கம், அதைவிட, காட்டில வெயிலுக்க ஆறு மணித்தியாலம் காத்திருந்து எடுத்த ஆளுக்கு ஒரு மெசேஜ் போடுறது மரியாதை. நான் கேட்ட கன பேர் சும்மாவே தந்திருக்கினம், கீறினதை அனுப்பினா சந்தோஷப்படுவினம். பிறகு கைக்குத் துணிவு வந்தா ஜனவரி பெப்ரவரி பக்கம் கிறீன் பாத்தில நடக்கிற கலா பொல எண்டுற திறந்தவெளி ஓவியச் சந்தையில போய்ப் பாருங்கோ, 1993ல இருந்து நடக்குது, றோட்டோரத்தில ஆரார் எப்பிடி மிருகம் கீறியிருக்கினம், என்ன விலை சொல்லுகினம் எண்டு ஒரு நாளில விளங்கிடும்.

கடைசியா ஃபிரேம், இதில கோட்டை விட்டா மேல சொன்னதெல்லாம் வீண். பாஸ்டல் கண்ணாடியைத் தொடக்கூடாது. ஒரு கடையில நான் அவ்வளவு சொல்லியும் மவுண்ட் போர்ட்டை, அதான் படத்தைச் சுத்தி வைக்கிற தடிச்ச மட்டைச் சட்டத்தை, விட்டிட்டுக் கண்ணாடியை நேர அமத்திப் பூட்டித் தந்தவங்கள், மூண்டு மாசம் போகேல்ல, பாதி மூஞ்சி கண்ணாடியில ஒட்டி, மிச்சத்தில மழைக்காலத்துப் பூஞ்சணம். அதால தடிச்ச மவுண்ட் வெட்டச் சொல்லுங்கோ, முடிஞ்சா ரெண்டு, கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையில உங்கட சின்னி விரல் நகமளவு இடைவெளி வேணும், பக்கத்தில நிண்டு பாருங்கோ. பின்பக்கத்தை டேப்பால நல்லா மூடச் சொல்லுங்கோ, மூட முந்தி பேப்பரை ரெண்டு நாள் ஏசி அறையில வைச்சு ஈரம் போக விடுங்கோ. கொண்டுபோகேக்க முகம் மேல பாக்க, முச்சக்கரவண்டியில மடியில வைச்சு, வேகத்தடைக்கு மெதுவாப் போகச் சொல்லி. கடல் பக்கம் பாத்த பின்னேர வெயில் விழுற சுவரிலயும், மழைக்கு ஊறுற வெளிச்சுவரிலயும் மாட்டாதீங்கோ, அந்த டியூரர் முயலையே வெளிச்சத்துக்குப் பயந்து அடிக்கடி வெளிய வைக்கிறதில்ல. ஃபேபர் காஸ்டல் பென்சிலில மூண்டு நட்சத்திரம் போட்ட நிறம் எண்டா வெளிச்சத்துக்குக் கூட நிண்டு பிடிக்கும், வாங்கேக்க அதைப் பாருங்கோ, றோஸும் ஊதாவும்தான் முதல்ல ஓடுறது.

ஃபிரேம் கடைக்குப் பிறந்தநாளுக்கு 10 நாள் முந்தியே குடுத்திடுங்கோ, அவங்கள் நாளைக்கு எண்டு சொன்னா அது வாற கிழமை. இன்னும் பேப்பர் வாங்க முந்தி, அப்பாவோட சும்மா கதை விட்டு, கேற் சத்தம் கேட்டா அது எந்தக் காதைத் தூக்கும் எண்டு கேட்டுப் பாருங்கோ. உங்களிட்ட இருக்கிற நாலைஞ்சு படத்தில அது வந்திருக்காது.